ராத்திரி ஒரு மணிக்கு டாக்டரைக் கூப்பிடத் தயங்கிய செவிலியருக்கு

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். அப்பா அம்மா எஸ்டேட்டில் இலை பறித்துப் படிக்க வைத்தார்கள். வார்டு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எங்கள் சீனியர் டாக்டர் ராத்திரியில் ஃபோன் செய்தாலே எரிந்து விழுகிறார். "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்பார். ரவுண்ட்ஸில் பேஷண்ட், சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் "ஏய், நீயெல்லாம் எங்க படிச்சே?" என்று கேட்பார். போன மாதம் சிசேரியன் முடிந்த ஒரு பெண்ணுக்கு ராத்திரி ஒரு மணிக்கு பல்ஸ் 116 ஆனது. மேல் பிரஷர் 100 இருந்தது. யூரின் குறைந்திருந்தது. கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒரு மணி நேரம் போய்விட்டது. கடைசியில் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், பிழைத்துவிட்டாள். மறுநாள் எல்லார் முன்னாலும் "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கத்தினார். அதிலிருந்து என்கூட இருக்கும் இரண்டு ஜூனியர் பிள்ளைகளும் டாக்டரிடம் வாயே திறப்பதில்லை. தப்பு என்னுடையதா? நான்தான் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறேனா? கோவையில் அதிக சம்பளத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது, போய்விடலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தொட்டாற்சிணுங்கி இல்லை. இஸ்ரேலில் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அது 2015-இல் வெளியானது. டாக்டரும் நர்ஸும் சேர்ந்த குழுக்கள் அவை. பொம்மைக் குழந்தை ஒன்றை வைத்துப் பயிற்சி. குழந்தையின் குடல் பாதிக்கப்பட்டு நிலைமை சட்டென்று மோசமாவதுபோல ஏற்பாடு. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்க்கிறார் என்று சொல்லி, சில குழுக்களிடம் மட்டும் அவர் அந்த நாட்டு மருத்துவத்தைப் பற்றி மட்டமாகப் பேசும்படி செய்தார்கள். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை, கத்தவும் இல்லை. அவ்வளவுக்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டன. ஏன் என்று பார்த்தால், ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்து போயிருந்தது.

அவர்கள் எல்லோரும் அனுபவசாலிகள். முன்பின் தெரியாத ஒருவரின் பொதுவான இகழ்ச்சிக்கே அவர்கள் கை தளர்ந்தது என்றால், தினமும் முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு விரல் ஃபோன் வரை போய் நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மனசைத் திடமாக்கிக்கொள் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. அடுத்து என்ன பேச்சு வாங்கப்போகிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மூளைக்கு பல்ஸைப் பற்றி யோசிக்கக் கொஞ்சம்தான் இடம் மிஞ்சும்.

இது நர்ஸின் மனக்கஷ்டத்தோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 5030 நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1986-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேர் இறந்தார்கள், எங்கே அதிகம் என்று பார்த்தபோது, வித்தியாசத்துக்குக் காரணமாகத் தெரிந்தவற்றில் முக்கியமானது டாக்டரும் நர்ஸும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்படி ஒத்துழைக்கிறார்கள் என்பது. விலை உயர்ந்த மெஷின்கள் இருந்தால் மட்டும் போதவில்லை.

நம் மலையில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. கோவை மாநகரத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் பக்கத்துத் தெருவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கப்புறம்தான் கோயம்புத்தூர் ரோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே மரம் விழுந்திருக்கும், எங்கே மண் சரிந்திருக்கும் என்று 108 டிரைவருக்கே தெரியாது. 2009 நவம்பர் மண்சரிவில் பட்ட பாட்டை உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். ஆகவே இங்கே ஒரு நோயாளியைக் கீழே அனுப்பும் முடிவைச் சமவெளியைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே எடுத்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கக்கூடியவர் கட்டில் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ஒருவர்தான். அந்த நர்ஸ் தன்னைக் கூப்பிடவே பயப்படும்படி வைத்திருக்கும் டாக்டர் தன் நோயாளிக்கே ஆபத்தைத் தேடி வைக்கிறார். இதை எந்த டாக்டரிடமும் நேராகச் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. மலைக் குளிரில் ரத்தப்போக்கு ஒளிந்துகொள்ளும். பிரசவித்த பெண் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருப்பாள். பேடு நனைந்தது வெளியே தெரியாது. விரல் ஜில்லென்று இருக்கும், மார்கழிக் குளிரா, ரத்தம் குறைந்து வந்த ஷாக்கா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குளிர்ந்த விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் சரியாகக் காட்டாது. கம்பளியை விலக்கி, வயிற்றைத் தொட்டு, பேடைத் திருப்பிப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும். அது உங்கள் கை. படுக பாட்டி ஒருவர் டாக்டர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார், அவர் போனதும் படுக பாஷையில் உங்களிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை அந்தச் சமூகங்களின் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்து வார்டை ஒப்படைத்தது இந்தக் காரணத்தால்தான். சமவெளியிலிருந்து வரும் டாக்டர்கள் பலர் இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். இங்கேயே இருந்து மனிதர்களை அறிந்து வைத்திருப்பவர்கள் நர்ஸுகள். உங்களுக்கு வார்டு வேலை பிடிக்கிறது, ஆனால் டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிறு கலங்குகிறது என்றால் காரணம் இதுதான். நீங்கள் அறிந்த விஷயத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. சம்பளம் கூடினாலும் அந்தக் குறை போகாது. அமெரிக்காவில் 2002-இல் வந்த ஒரு பெரிய ஆய்விலும், நர்ஸ் வேலையில் நீடிப்பதற்கும் விட்டுப் போவதற்கும் டாக்டர்களின் நடத்தை நேரடியாகத் தொடர்புள்ளது என்று நர்ஸுகளும் டாக்டர்களும் சேர்ந்தே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சரி, தப்பு யாருடையது?

அன்று ஒரு மணிக்கு நீங்கள் எடுத்த எண்களைப் பாருங்கள். பல்ஸை மேல் பிரஷரால் வகுத்தால் 1.16 வருகிறது. பிரசவித்த பெண்ணுக்கு அது 0.9-ஐத் தொட்டாலே விழித்துக்கொள்ள வேண்டும். இளம் வயதுப் பெண்ணின் உடம்பு பிரஷரைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும், பிரஷர் விழுவதற்குள் நிறைய ரத்தம் போயிருக்கும். அதனால் கூப்பிட வேண்டிய நேரம்தான் அது. அதை மறைத்துச் சொன்னால் உங்களுக்கு நன்மை செய்தவள் ஆக மாட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் தனியாகத் தொலைக்கவில்லை. "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்று முந்தைய ராத்திரிகளில் கேட்டவருக்கும், யாரை எப்போது கூப்பிடுவது என்று எழுதி வைக்காத நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. கூப்பிட்டால் திட்டு, கூப்பிடாவிட்டாலும் திட்டு என்று வைத்துவிட்டு, காலையில் ஒருவரை மட்டும் நிற்க வைத்துக் கேட்பது நியாயமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைப் பேசுவோம். முதலில் ஃபோன் பேச்சு.

1967-இல் லியோனர்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் எழுதப்படாத ஒரு விளையாட்டு நடக்கிறது என்றார் அவர். நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னதுபோலத் தெரியக் கூடாது, அது டாக்டருக்கே தோன்றியதுபோல இருக்க வேண்டும். நம் ஊரில் இதை எல்லோரும் பிசகாமல் ஆடுகிறோம். "சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க, எதுக்கும் நீங்க ஒருதடவை பார்த்துட்டீங்கன்னா..." என்று இழுப்போம். தூக்கத்தில் இருக்கும் மனுஷனுக்கு அதில் என்ன புரியும்? ஒருவேளை வந்தால் வருவார், இல்லாவிட்டால் "காலைல பாத்துக்கலாம்" என்பார். பணிவு என்று நினைத்து நாம் அவசரத்தையே மறைத்துவிடுகிறோம்.

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்ல ஒரு வரிசை வைத்திருந்தார்கள். கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. இன்று நர்சிங் கல்லூரிகளில் எஸ்பார் என்று சொல்லித் தருகிறார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். பரீட்சையில் நாலும் எழுதுவோம், ஃபோனில் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவோம். கணிப்பும் வேண்டுகோளும் டாக்டர் வேலை என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த இரண்டையும் விடாதீர்கள். அன்றைய ராத்திரிக்கு இப்படிப் பேசியிருக்கலாம்:

"சார், போஸ்ட் ஆபரேட்டிவ் வார்டிலிருந்து பேசுறேன், அவசரம். சாயங்காலம் சிசேரியன் ஆன மூணாம் பெட் அம்மா. பத்து மணிக்கு 88 இருந்த பல்ஸ் இப்ப 116. பிபி 100/70. போன ஒரு மணி நேரத்துல யூரின் 15 மில்லிதான். உள்ளே ரத்தம் போகுதோன்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள இன்னொரு லைன் போட்டு ஃப்ளூயிட் ஓட்டட்டுமா, ரத்தத்துக்குச் சொல்லி வைக்கட்டுமா?"

அரை நிமிஷம்கூட ஆகாது. பேசுவதற்கு முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும். அவர் மருந்து சொன்னால் பெயர், அளவு, எப்படிக் கொடுப்பது மூன்றையும் திருப்பிச் சொல்லி "சரிதானே சார்?" என்று கேளுங்கள். மறுநாள் காலையில் அந்த ஆர்டருக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

"காலையில பார்க்கலாம்" என்று அவர் சொன்னால்? எண்களை இன்னொரு முறை சொல்லி, "சார், எனக்குக் கவலையா இருக்கு. இப்படியே விடுறது பாதுகாப்பு இல்லை" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், குழையவும் வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த டாக்டரையோ மெடிக்கல் சூப்பரிண்டெண்டையோ கூப்பிட வேண்டியதுதான். அதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பின்னால் போட்டுக்கொடுத்ததாக ஆகாது. நர்ஸஸ் நோட்ஸில் "1.10: டாக்டருக்கு ஃபோன், எடுக்கவில்லை. 1.15: மறுபடி ஃபோன், தகவல் சொல்லப்பட்டது, காலையில் பார்ப்பதாகச் சொன்னார்" என்று நேரத்தோடு எழுதுங்கள். கோபமாகப் பேசினார், அலட்சியமாக இருந்தார் என்றெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டாம். நேரமும் எண்களும் போதும்.

டாக்டர் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஆள் காலையில் ஓ.பி., மதியம் ஆபரேஷன் தியேட்டர், ராத்திரி ஆன் கால் என்று இருப்பார். ஒரு ராத்திரியில் நாலு ஃபோன் வந்து, அதில் மூன்று காலையில் கேட்டிருக்கக்கூடியவையாக இருந்தால் நாலாவது ஃபோனை எடுக்கும்போது பொறுமை இருக்காது. திட்டுவதற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் அதில் இருக்கிறது. எதற்குக் கூப்பிடுவது என்பதை அவரவர் மனநிலைக்கு விடாமல் காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். பல்ஸ் எவ்வளவு தாண்டினால், மேல் பிரஷர் எவ்வளவு குறைந்தால், யூரின் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேடு நனைந்தால், பேஷண்ட் உளறினால், உடனே ஃபோன். தூக்க மாத்திரை, காலை ஊசி நேரம் மாற்றுவது போன்றவற்றை ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஃபோனில் கேட்டு முடித்துவிடுவது. இங்கிலாந்தில் 2012 முதல் நாடி, மூச்சு, பிரஷர் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, இத்தனை வந்தால் டாக்டர் வந்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிரசவித்த தாய்மார்களுக்கு அதேபோலத் தனி அட்டவணைகள் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கத்தில் எழுதி, சீனியர் டாக்டரே கையெழுத்துப் போட்டு, நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினால் போதும். அப்புறம் "இதுக்கெல்லாமா?" என்ற கேள்விக்கு இடமே இருக்காது. "நீங்க போட்ட லிஸ்ட்ல இருக்கு சார்" என்று சொல்லலாம்.

இந்தக் காகிதத்தை வைத்துத்தான் அவரிடம் பேச்சைத் தொடங்கவும் வேண்டும். ரவுண்ட்ஸில் வேண்டாம், ஃபோனிலும் வேண்டாம். ஓ.பி. முடிந்து அவர் டீ குடிக்கும் நேரத்தில், உங்கள் நர்ஸிங் இன்சார்ஜையும் கூட்டிக்கொண்டு போய், "அஞ்சு நிமிஷம் வேணும் சார்" என்று கேளுங்கள். அந்த சிசேரியன் கேஸைப் பற்றியே பேசுங்கள். "அன்னிக்கு நான் ஒரு மணிக்கே கூப்பிட்டிருக்கணும் சார். கூப்பிட்டா திட்டுவீங்கன்னு பயந்து லேட் பண்ணிட்டேன். இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது. அதுக்கு இந்த லிஸ்ட்" என்று நீட்டுங்கள். பயந்தேன் என்ற வார்த்தையை விழுங்கிவிடாதீர்கள், டாக்டர் கேட்டாக வேண்டியது அதுதான். நான் நீலகிரியில் வார்டுகளைக் கவனித்துக்கொண்ட காலத்தில், தன் கோபத்தால் நர்ஸ் தாமதித்தார் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போன டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். மாறாதவர்களும் உண்டு. ஆனால் பலருக்குத் தங்கள் குரல் மறுமுனையில் எப்படிக் கேட்கிறது என்பதே தெரியாது.

எல்லார் முன்னாலும் அதட்டுவதைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களை "நீங்க" என்றும் நர்ஸை "ஏய்" என்றும் டாக்டர் கூப்பிட்டால், அந்தச் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாயங்காலம் நீங்கள் போய் "அம்மாவுக்கு இன்னும் சாப்பாடு குடுக்காதீங்க" என்றால் அவர்கள் கேட்பார்களா? டாக்டர் சொல்லி நர்ஸ் செய்ய வேண்டிய வேலை முழுக்க அந்த ஒரு "ஏய்"யில் பலவீனமாகிவிடுகிறது. தப்பு இருந்தால் தனியறையில் கூப்பிட்டுக் கேட்கட்டும். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேட்கட்டும், அது அவர் உரிமை.

உங்கள் ஜூனியர் பிள்ளைகள்தான் எனக்கு அதிகக் கவலை. உங்களுக்காவது ஐந்து வருட அனுபவம் இருக்கிறது. அவர்கள் இப்போதே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டால், பத்து வருடம் கழித்து அவர்களே சீனியராகி, புதிதாக வரும் பிள்ளைகளிடம் "நமக்கெதுக்கு வம்பு, நோட் பண்ணி வச்சுடு" என்று சொல்வார்கள். அடுத்த முறை அவசரம் இல்லாத ஒரு ஃபோனை அவர்களில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். தடுமாறினால் நீங்கள் வாங்கிப் பேசுங்கள். ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் அந்த பேஷண்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ராத்திரி நடந்ததை முதலில் இரண்டு வரி சொல்லட்டும் என்று இன்சார்ஜ் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. ஒருமுறை குரல் கொடுத்தவருக்கு நடுவில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மறுபடி வாய் திறப்பது சுலபம். வார்டுக்கும் அது பொருந்தும்.

ஒன்றை மட்டும் இந்த வழிகளில் எல்லாம் சேர்க்காதீர்கள். திட்டு என்பது ஆபாசப் பேச்சாகவோ, தொடுவதாகவோ மாறினால் சமரசப் பேச்சு தேவையில்லை. 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால் அதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

இனி கோவை வேலை. அப்பா அம்மா எஸ்டேட்டில் உழைத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள், அதிக சம்பளத்தை யோசிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. என் ஆலோசனை, அந்தக் காகிதத்தோடு டாக்டரிடமும் நிர்வாகத்திடமும் ஒருமுறை பேசிவிட்டு, இரண்டு மாதம் பாருங்கள். ஃபோனை எடுக்கும் குரல் கொஞ்சமாவது மாறினால், சுவரில் அந்த லிஸ்ட் ஏறினால், இருக்கலாமா என்று யோசியுங்கள். நிர்வாகம் "டாக்டர் அப்படித்தான்மா, அனுசரிச்சுப் போ" என்று முடித்துவிட்டால் தயங்காமல் கிளம்புங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு ராத்திரி இன்னொரு பெண்ணுக்கு ரத்தம் போகும்போது உங்களை மட்டும்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

போவதற்கு முன்னால் அந்தக் கோவை ஆஸ்பத்திரியையும் விசாரியுங்கள். ஹெச்.ஆரிடம் கேட்டால் எல்லாம் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் நர்ஸுகளிடம் கேளுங்கள். நைட்டில் ஒருவருக்கு எத்தனை பேஷண்ட்? கூப்பிட்டால் டாக்டர் எடுக்கிறாரா, எடுத்தால் எப்படிப் பேசுகிறார்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் கவனமாக இருங்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். இங்கிருந்து கிளம்பும்போது நோட்டீஸ் காலத்தை முழுதாக வேலை செய்து முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். ராஜினாமாக் கடிதத்தில் காரணம் எழுதலாமா என்று யோசிப்பீர்கள். எழுதுங்கள். யாரையும் வசைபாடாமல், "இரவு நேரத்தில் மருத்துவரைத் தொடர்புகொள்வதற்கு எழுத்துபூர்வமான நடைமுறை கேட்டேன், கிடைக்கவில்லை" என்று ஒரே வரி. ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.